கேட்டாச்சா மாமா?

"கேக்கல" என்றார் மாமனார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து.

கேள்வி கேட்டது கடிகாரம் இல்லை. நாற்காலிக்கு ஓரடி தள்ளி, கையைப் பிசைந்துகொண்டு நின்ற மருமகன்தான். "கேட்டாச்சா மாமா?" என்று குழைந்து குழைந்து விசாரித்தவன் அவன். ஆனால் மாமனார் அவனுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் கடிகாரத்திடமோ மின்விசிறியிடமோதான் சொல்வார். அவை பார்த்து அவனிடம் சேர்த்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

"கேக்கலையா? இருங்க மாமா, நான் பாக்கறேன்."

அவர் காதிலிருந்த வயரைப் பூப்போலக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் ஓடினான்.

கையில் இருந்தது கட்டைவிரல் அளவில் ஒரு எம்.பி.த்ரீ பிளேயர். சட்டையில் கிளிப் மாதிரி மாட்டிக்கொள்ளலாம். தபால்தலை அளவுக்குத் திரை, உள்ளே முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டு. முழங்கால் ஆபரேஷன் முடிந்து, ரெண்டு மாத ஓய்வுக்காக மகள் வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் மாமனாருக்குப் பொழுது போகட்டும் என்று வாங்கினான். வெளியில் சொல்லிக்கொண்ட காரணம் அது.

உள்காரணம் வேறு. மாமனார் அவனை ஒரு தடவையாவது "மாப்பிள்ளை" என்று கூப்பிட வேண்டும்.

பெரிய ஆசை ஒன்றும் இல்லை. உலகத்தில் எல்லா மருமகன்களுக்கும் கல்யாணத்தன்றே கிடைத்துவிடுகிற வார்த்தைதான். இவனுக்கு ஒன்பது வருஷமாகக் கிடைக்கவில்லை. மாமனார் அவனை "இந்தாங்க" என்பார், "பாருங்க" என்பார், ரொம்ப அவசரமென்றால் "ஏங்க, அடுப்புல ஏதோ கருகுது" என்பார். உரிமையோடு "போய்யா" என்று நாலு திட்டு திட்டியிருந்தால்கூட அவன் குளிர்ந்து போயிருப்பான். அவரோ "ங்க" போட்டுப் போட்டே அவனை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நடுவில் நின்றது. உள்ளே மாட்டிக்கொண்டவள், மூணாம் மாடி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த பெண்; சர்வேயரான இந்த மாமனாரின் மகள். கையைப் பிடித்து வெளியே தூக்கிவிட்டவன் இவன். அதற்கப்புறம் அந்த லிஃப்ட் ஏனோ மாதம் நாலு தடவை பழுதாக ஆரம்பித்தது. ஏழாவது மாதம் பதிவு அலுவலகத்தில் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கையோடு ஒரு இனிப்பு டப்பாவும் மாலையுமாகப் போய் அப்பாவின் காலில் விழுந்தார்கள். அவர் கத்தவில்லை, கதவைச் சாத்தவில்லை. "நல்லா இருங்க" என்றார். அந்த "ங்க" இன்னும் முடியவில்லை.

இதற்கு மெக்கானிக் ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தான். மாமனார் முப்பத்து நாலு வருஷம் நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்தவர். கௌரவமான உத்தியோகம். தன் மகள், கையில் கிரீஸ் ஒட்டியவனைக் கட்டிக்கொண்டாளே என்று மனசு ஆறவில்லை. ஆக, மெக்கானிக் என்றால் சாமானியம் இல்லை என்று அவருக்குக் காட்டியாக வேண்டும். இப்படிப்பட்ட நிலைமையில்தான், அவன் கையால் வாங்கி, அவன் கையால் பாட்டு ஏற்றிக் கொடுத்த சாமான், முதல் நாளே "கேக்கல".

சமையலறையில் வைத்துத் தன் காதில் மாட்டிப் பார்த்தான். கணீரென்று கேட்டது.

"உனக்குக் கேக்குதா பாரு" என்று மனைவியிடம் நீட்டினான்.

"நல்லாத்தான் கேக்குது. நான் வேணா அப்பாகிட்ட..."

"நீ ஒண்ணும் சொல்லாத. இது எனக்கும் அவருக்கும் உள்ள விஷயம். மெக்கானிக்கு நான். பன்னெண்டு மாடி லிஃப்டையே தூக்கறவன், இந்தத் துக்கடாவை விட்டுடுவேனா?"

வயசானவர், சத்தம் போதவில்லை என்று முடிவு செய்தான். பிளேயரில் சத்தம் ஒரு அளவுக்கு மேல் போகாமல் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். எங்கெங்கோ நோண்டி அதை எடுத்துவிட்டான்.

மறுநாள் காலை மாமனார் பிளேயரை அழுத்தியதும் முதல் பாட்டு டிரம்ஸோடு ஆரம்பித்தது. அவர் நாற்காலியிலிருந்து அரையடி எழும்பினார். காலுக்கு வைத்திருந்த ஸ்டூல் ஒரு பக்கம் உருண்டது. சரியாக அந்த நேரத்தில், முழங்காலுக்குப் பயிற்சி கொடுக்கத் தினமும் வருகிற பிசியோதெரபி அம்மாள் உள்ளே வந்தாள். மாமனார் அவளுக்கு வைத்திருந்த பெயர் "முழங்கால் டீச்சர்". ஆளும் டீச்சர் மாதிரிதான், குரல் தெருமுனை வரைக்கும் போகும்.

"அட! பத்து நாளா மடக்குங்க மடக்குங்கன்னு கெஞ்சறேன், மடங்காத காலு இன்னிக்குத் தானா மடங்கியிருக்கே! யாருங்க பண்ணது?"

"நான்தாங்க" என்றான் மெக்கானிக், பெருமையாக. பிறகு மாமனார் பக்கம் திரும்பினான். "இப்ப கேட்டாச்சா மாமா?"

மாமனார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மின்விசிறியைப் பார்த்தார். "இவ்வளவு ஆர்ப்பாட்டம். இன்னும் கேக்கல."

மெக்கானிக் யோசித்தான். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரரே ஜன்னலைச் சாத்தியிருந்தார். இது கேட்கவில்லை என்றால் கோளாறு பிளேயரில் இல்லை, காதில்தான். அன்று சாயங்காலம் மாமனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது பின்னால் பூனை மாதிரி போய் நின்று, மூச்சுக்காற்று அளவுக்குக் கிசுகிசுத்தான்:

"பென்ஷன்."

பேப்பர் சட்டென்று தாழ்ந்தது. "பென்ஷனுக்கு என்ன?" என்றார் மாமனார் கடிகாரத்திடம்.

காதில் ஒரு குறையும் இல்லை. கோளாறு மறுபடியும் பிளேயர் தலையில் வந்து விழுந்தது.

மூன்றாம் நாள் அவன் கொஞ்சம் நுணுக்கமாக விசாரித்தான். லிஃப்டில் இப்படித்தான் செய்வார்கள். எந்த மாடியில் நிற்கிறது, எப்போது நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுப் பிடிப்பார்கள்.

"மாமா, சுத்தமா ஒண்ணுமே கேக்கலையா, இல்ல ஒரு பக்கம் மட்டும் கேக்கலையா?"

மாமனார் ரொம்ப நேரம் யோசித்தார். இந்தக் கேள்வி அவருக்குப் பிடித்திருந்த மாதிரி இருந்தது. "அந்தப் பக்கத்துலேர்ந்துதான்" என்றார் நிதானமாக. "அந்தப் பக்கத்துலேர்ந்து ஒரு வார்த்தை கேக்கல."

"எந்தப் பக்கம் மாமா?"

மாமனார் அவன் நின்ற திசையில் தாடையை ஆட்டினார். அவன் அவருக்கு இடது பக்கம் நின்றிருந்தான்.

"இடது பக்கம்! அப்படிச் சொல்லுங்க!"

மதியமே கடைக்குப் போய், காதுக்குள் செருகுகிற அந்தச் சின்ன வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, காதை முழுசாக மூடுகிற பெரிய ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். மாட்டிக்கொண்டதும் மாமனார் ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர் மாதிரி ஆகிவிட்டார். ஒலி ரெண்டு பக்கமும் அருமையாக வந்தது. வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ளே போகவில்லை.

அதுதான் வம்பாகிவிட்டது. மறுநாள் மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு முழங்கால் டீச்சர் வந்து அரை மணி நேரம் அழைப்பு மணியை அழுத்தினாள். கதவைத் தட்டினாள். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். உள்ளே மாமனார் கண்ணை மூடி, தலையை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஏதோ இழுப்பு வந்துவிட்டதென்று பயந்து, மேல்வீட்டுக்காரரையும் எதிர்வீட்டுக்காரரையும் கூட்டி வந்து பூட்டை உடைத்துவிட்டாள்.

சாயங்காலம் மனைவி உடைந்த பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"பாட்டுல என்னங்க பண்றீங்க நீங்க? வீட்டுக்குக் கதவு இல்லாமப் போச்சு!"

"தலையை ஆட்டினார்னு சொன்னாங்க இல்ல? அப்ப கேட்டிருக்கு!" என்று மெக்கானிக் உள்ளே பாய்ந்தான். "மாமா! கேட்டாச்சா?"

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு. "நாலு நாளா இதையே கேக்கறாங்க. கேக்க வேண்டியதைக் கேக்கல."

கேட்க வேண்டியது என்றால், அவர் கேட்க விரும்புகிற பாட்டு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டான். அலுவலகக் கணினியில் உட்கார்ந்து, தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் விசாரித்து, சர்வேயர்கள் விரும்பிக் கேட்கக்கூடிய பாட்டாக ஒரு நூறு தேடி ஏற்றினான். சர்வேயர்கள் எந்த மாதிரிப் பாட்டு கேட்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் மண், நிலம், பூமி என்று வருகிற பாட்டை எல்லாம் சேர்த்தான்.

ஐந்தாம் நாள், பயிற்சியை முடித்துக்கொண்டு கிளம்பிய முழங்கால் டீச்சர் வாசலில் நின்று, தன் குரலை அவளால் முடிந்த அளவுக்குத் தாழ்த்தினாள்.

"சார், நான் வெளியாளு. சொல்லக்கூடாது. ஆனா பெரியவர் தினமும் எங்கிட்ட சொல்லிச் சொல்லி மாய்ஞ்சு போறாரு. கேட்டுடுங்க சார். தள்ளிப் போடாதீங்க."

"உங்ககிட்டயும் சொல்லிட்டாரா?" மெக்கானிக்குக்கு மானம் போய்விட்டது. "இன்னிக்கே கேட்டுடறேங்க."

சொன்னபடி அன்றைக்கே போய்க் கேட்டான், பிளேயர் விற்ற கடைக்காரரிடம். கடைக்காரர் அதைக் காதில் வைத்து, கண்ணை மூடி, முழுப் பாட்டையும் ரசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"தங்கமா கேக்குது சார்."

வெற்றியோடு வீட்டுக்கு வந்தான். "மாமா, கடையில போய்க் கேட்டேன். நல்லா கேட்டுச்சு!"

மாமனார் முகம் சிவந்தது. வழக்கத்தைவிட ரெண்டு வார்த்தை கூடவே கடிகாரத்துக்குக் கிடைத்தது. "கடையில கேட்டா ஆச்சா? வீட்டுக்கு வந்து கேக்கல!"

மெக்கானிக் நின்ற இடத்திலேயே நின்றான். கடையில் கேட்கிறது, வீட்டுக்கு வந்தால் கேட்கவில்லை! ஆக, வீட்டில்தான் ஏதோ ஒன்று அதைத் தடுக்கிறது. பன்னிரண்டு வருஷ அனுபவம் அவன் மூளையில் விளக்கைப் போட்டது. ஒரு தடவை ஒரு லிஃப்ட் மூணாம் மாடியில் மட்டும் நின்றதற்குக் காரணம், அங்கே இருந்த ஒரு பெரிய காந்தம்.

அன்று சாயங்காலம் வீடு இடம் மாறியது. டி.வி. படுக்கையறைக்குப் போனது. குளிர்சாதனப் பெட்டி கூடத்துக்கு வந்தது. இணையப் பெட்டியைக் குளியலறையில் தொங்கவிட்டான். மாமனாரை நாற்காலியோடு தூக்கி, முதலில் சமையலறை மூலையில் வைத்துப் பார்த்தான். பிறகு வாசல் நடையில், பிறகு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில். ஒவ்வொரு இடத்திலும் "இங்க கேட்டாச்சா மாமா?" என்றான். அவர் கடிகாரத்தைத் தேடினார். அதையும் கழற்றிவிட்டிருந்தான். வேறு வழியில்லாமல் குளிர்சாதனப் பெட்டியிடம் சொன்னார்.

"இப்படியா? ஒரு முறை வேண்டாமா? முறையாக் கேக்கல."

முறை! மெக்கானிக் நெற்றியில் அடித்துக்கொண்டான். பாட்டெல்லாம் முறையாக, ஒன்றன்பின் ஒன்றாக வரவில்லை. கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி முன்னும் பின்னுமாக வருகிறது. அளந்து வாழ்ந்த மனுஷனுக்கு அது எப்படிப் பிடிக்கும்? இந்தச் சின்ன விஷயத்துக்கா இவ்வளவு பாடு!

மறுநாள் ஞாயிறு. காலையிலேயே சாமான்களைப் பழைய இடத்தில் வைத்து, கடிகாரத்தையும் திரும்ப மாட்டியாகிவிட்டது. மத்தியானம் மனைவி பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். மாமனார் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். மெக்கானிக் ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, அந்தத் தபால்தலைத் திரையோடு மல்லுக்கட்டினான். வரிசை மாற்றுகிற இடத்தைத் தேடிப்போனவன் விரல் வழுக்கி மொழி மாற்றுகிற இடத்தை அழுத்திவிட்டான். திரை முழுக்க எந்த நாட்டு எழுத்தென்றே தெரியாத எழுத்து வந்தது. சின்னச் சின்ன ஜன்னல்களுக்குள் ஆட்கள் குடை பிடித்து நிற்கிற மாதிரி இருந்தது. எதை அழுத்தினாலும் திரை ஏதோ ஒரு கேள்வி கேட்டது. இவன் எல்லாவற்றுக்கும் பணிவாக "சரி"யை அழுத்தினான்.

நாலாவது "சரி"யில் முந்நூற்றுப் பன்னிரண்டு பாட்டும், மண், நிலம், பூமி நூறும் போய்ச் சேர்ந்தன.

ஐந்தாவது "சரி"யில் மூலையில் ஒரு சிவப்புப் புள்ளி மினுக்க ஆரம்பித்தது.

"சார்ஜ் வேற தீர்ந்துபோச்சு" என்று அதை மடியில் வைத்துக்கொண்டான். ஒரேயடியாகச் சோர்ந்துவிட்டான். "உங்கப்பா எனக்கு ஆயுள் முழுக்க இந்தப் பரீட்சைதான் வைக்கப் போறார்."

"மெதுவாப் பேசுங்க. தூங்கறாரு."

"தூங்கட்டும். நிலத்தை எல்லாம் அளந்து முடிச்சிட்டு, இப்ப என்னைச் சங்கிலி போட்டு அளந்துக்கிட்டிருக்கார். கடிகாரத்துக்குக் குடுக்கற மரியாதைகூட எனக்கு இல்ல. அந்தக் கடிகாரமே பத்து நிமிஷம் தப்பா ஓடுது, தெரியுமா உனக்கு?"

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தலையணை உறையை உதறி, அதற்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"சிரி. உனக்கென்ன. உன்னை 'கண்ணு'ங்கறார். முழங்காலைத் திருகறவங்களை 'டீச்சர்'ங்கறார். மேல்வீட்டுக்காரரைக்கூட 'தம்பி'ங்கறார். எனக்கு மட்டும் 'இந்தாங்க'!"

"என்னதாங்க வேணும் உங்களுக்கு?"

மடியில் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டே இருந்தது.

"எங்கப்பா போனப்ப எனக்குப் பத்து வயசு. உங்க வீட்டுக்கு வந்தப்ப, அப்பான்னு ஒருத்தர் கிடைச்சார்னு நான் நெனச்சேன். வெளியில சொல்லிக்கல. அவர் உட்கார்ந்து பேப்பர் படிக்கறதைப் பாக்கவே எனக்குப் பிடிக்கும். மனுஷன் ஒரு வரி விடாமப் படிப்பார். அந்த வாயால ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, மாப்பிள்ளைன்னு சொல்லிட்டா எனக்குப் போதும்."

மனைவி உறையைக் கொடியில் போட்டுவிட்டு அவன் தலையைத் தடவினாள். "இதை அவர்கிட்டயே நேராப் போய்க் கேளுங்களேன்."

"நான் கேக்க மாட்டேன்" என்றான் மெக்கானிக் கண்டிப்பாக. "இதெல்லாம் கேட்டு வாங்கற விஷயமா? தானா வரணும்."

துணி முடிந்தது. அவன் எழுந்து, எதையோ அழுத்தி, சிவப்புப் புள்ளியை நிறுத்திவிட்டு, பிளேயரைச் சார்ஜில் போட்டான்.

திங்கட்கிழமை காலை எடுத்துப் பார்த்தபோது ஒரு ஆச்சரியம். எல்லாம் அழிந்த பிறகும் ஒரே ஒரு பாட்டு மிச்சம் இருந்தது. பெயர் அந்தக் குடை எழுத்தில் இருந்தது. நேரம் மட்டும் புரிந்தது: பதினொரு நிமிஷம்.

பதினொரு நிமிஷப் பாட்டென்றால் சினிமாப் பாட்டாக இருக்காது. யாரோ பெரிய வித்வான் நிதானமாக இழுத்துப் பாடியதாக இருக்கும். ஒரே பாட்டாக இருப்பதால் முறை தவறவும் வழியில்லை. அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. காதில் வைத்துப் பார்க்காமலே மாமனார் கையில் கொடுத்தான்.

"மாமா, இன்னிக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஆனா பெரிய சரக்கு. கடைசி வரைக்கும் கேளுங்க. டீச்சர் வந்துட்டுப் போகட்டும், ஆற அமர உட்கார்ந்து கேளுங்க."

பதினொரு மணிக்கு அவன் ஒரு கட்டடத்தில், நாலாம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில், லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து ஸ்பேனரைத் திருகிக்கொண்டிருந்தான். கடைக்காரருக்கு ஃபோன் போட்டு, மொழியை எப்படித் திரும்ப மாற்றுவது என்று கேட்டான். அவர் சொன்னார். அப்படியே பேச்சுவாக்கில் சார்ஜைப் பற்றியும் குறைப்பட்டான்.

"சீக்கிரம் தீர்ந்துடுதுங்க. நேத்து சிவப்புப் புள்ளி மினுக்க ஆரம்பிச்சிடுச்சு."

"சிவப்புப் புள்ளியா? அது சார்ஜ் இல்ல சார். பேசறதைப் பதிவு பண்ணுது."

ஸ்பேனர் கையிலிருந்து நழுவி, நாலு மாடியும் 'டங் டங்'கென்று இடித்துக்கொண்டே கீழே போனது.

அவனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. சங்கிலி, கடிகாரம், இந்தாங்க. பழுதான லிஃப்ட் அதுதான் என்பதால் மாடிப்படி வழியாகத்தான் இறங்க வேண்டியிருந்தது. ஹெல்மெட்டைத் தலைகீழாக மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். போகிற வழியெல்லாம் மனசில் ஒரே வேண்டுதல்தான்: இன்றைக்கு ஒரு நாளாவது அந்தப் பிளேயர் உண்மையாகவே கேட்காமல் இருக்க வேண்டும்.

வீட்டுக்குள் மூச்சிரைக்க நுழைந்தான். முழங்கால் டீச்சர் பயிற்சியை முடித்துவிட்டுத் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள். மாமனார் ஹெலிகாப்டர் கோலத்தில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். "ஆற அமரக் கேளுங்க" என்று இவன் சொன்னதை அவர் தட்டவில்லை.

மெக்கானிக் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். போய்ப் பிடுங்கலாமா, காலில் விழலாமா, இப்படியே திரும்பி லிஃப்டின் தலைமேல் போய் உட்கார்ந்துகொள்ளலாமா என்று தெரியவில்லை.

மாமனார் கண்ணைத் திறந்தார். ஹெட்போனை மெதுவாகக் கழற்றி மடியில் வைத்தார். கண் ஓரம் ஈரமாக இருந்த மாதிரி இருந்தது. இறுக்கிப் பிடிக்கிற ஹெட்போன், வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். பிறகு அவர் ஒன்பது வருஷத்தில் செய்யாத ஒன்றைச் செய்தார். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, மின்விசிறியைப் பார்க்கவில்லை. அவனையே நேராகப் பார்த்தார்.

"பதினொரு நிமிஷம்" என்றார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "கடைசி வரைக்கும் கேக்கல."

மெக்கானிக்குக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. "கேக்கலையா? கேக்கவே இல்லையா மாமா?"

"கேக்கவே இல்ல."

"ஒரு வார்த்தைகூடவா?"

"ஒரு வார்த்தைகூட."

"அப்பாடா!" மெக்கானிக் ரெண்டு கையையும் மேலே தூக்கிக் கும்பிட்டான். போன உயிர் திரும்பி வந்த சந்தோஷத்தில் அவனுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "ரொம்ப சந்தோஷம் மாமா! இனிமேலும் கேக்க வேண்டாம். எப்பவுமே கேக்காம இருக்கறதுதான் எல்லாருக்கும் நல்லது!"

மாமனார் வாய் பாதி திறந்தபடி நின்றுவிட்டது. முகம் வாடி, மெதுவாக, மறுபடியும் கடிகாரத்தின் பக்கம் திரும்பினார்.

முழங்கால் டீச்சர் மடித்த துண்டைத் தூக்கி நாற்காலியில் எறிந்தாள்.

"ஐயோ சார், பாட்டும் பேச்சும் அவருக்கு முதல் நாள்லேர்ந்தே நல்லாத்தான் கேக்குது; நீங்கதான் ஒன்பது வருஷமா அவர்கிட்ட வந்து பொண்ணு கேக்கல!"